சிங்கப்பூரின் இயற்கை வளங்கள்: ஞாயிறு நடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்தையோ பழைய கற்குவாரியையோ சுற்றி வருவது என் வழக்கம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்தான் வருவார்கள். பாட்டிமார், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு மூன்று பேர். நடப்பதைவிட நின்று பேசுவதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டே சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரில்தான் இயற்கை வளமே இல்லையே அக்கா, எதைப் பாதுகாக்கச் சொல்கிறீர்கள்?

எல்லா நடையிலும் முதல் கேள்வி இதுதான். பள்ளியில் நாமெல்லாரும் அப்படித்தான் படித்தோம்: "சிங்கப்பூருக்கு இயற்கை வளம் கிடையாது, மனிதவளம்தான் உண்டு." எண்ணெய்க் கிணறு இல்லை, நிலக்கரி இல்லை, தங்கம் இல்லை. அது சரிதான். ஆனால் இந்தத் தீவு ஒன்றுமே இல்லாமல் கடலில் இருந்து எழும்பி வரவில்லை. காடு இருந்தது, கல் இருந்தது, மணல் இருந்தது, பவளப்பாறை இருந்தது. பெரும்பகுதியை எடுத்து முடித்துவிட்டோம். இப்போது வேண்டியதை எல்லாம் பக்கத்து ஆறு, பக்கத்துக் கடல், பக்கத்து நாட்டு மலை என்று வெளியில் இருந்து வாங்குகிறோம். அதனால் இங்கே சிக்கனம் என்றால் பாதி நம்முடையதைக் காப்பது, மீதி அடுத்தவருடையதை வீணாக்காமல் இருப்பது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இயற்கை வளம் என்றால் சரியாக என்ன? பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்.

மனிதன் செய்யாதது, ஆனால் மனிதனுக்குப் பயன்படுவது. தண்ணீர், காற்று, வெயில், மண், மரம், மீன், கல், எரிவாயு, உலோகம். சில திரும்ப வரும், வெயிலும் மழையும் போல. சில திரும்ப வராது, எரிவாயுவும் நிலக்கரியும் போல. நடுவில் ஒரு வகை உண்டு, அதுதான் முக்கியம்: நாம் எடுக்கும் வேகத்தைப் பொறுத்துத் திரும்ப வருவதும் வராததும். காடு, மீன், ஆற்று மணல், நிலத்தடி நீர் எல்லாம் இதில் சேரும். "புதுப்பிக்கத்தக்கது" என்று பாடநூலில் படித்தவுடன் தீரவே தீராது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் சொல்லி வையுங்கள்.

அப்படி நம்மிடம் இருந்து தீர்ந்துபோனது எது? ஒன்று சொல்லுங்கள்.

கட்டா பெர்ச்சா. பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் விழிப்பார்கள்.

இந்தத் தீவின் காடுகளில் வளர்ந்த மரம் அது. அதன் பாலை வெந்நீரில் போட்டால் களிமண் மாதிரி குழையும், ஆறினால் கட்டை மாதிரி இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தார்கள். வில்லியம் மான்ட்கொமரி என்ற மருத்துவர் 1843-இல் அதை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீர் புகாது, மின்சாரம் கசியாது என்று தெரிந்ததும் கிராக்கி ஏறியது. கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு உறை போட அதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. சென்னையில் இருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு 1870களின் தொடக்கத்தில் தந்திக் கம்பி வந்தது. நம் ஆட்களின் செய்தி இரண்டு ஊருக்கும் இடையே நிமிடங்களில் போனது இந்த மரத்தின் பாலால்தான்.

சிக்கல் என்னவென்றால், கீறிவிட்டால் தானாக வடியும் பால் அல்ல அது. மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல பத்தாண்டு நின்ற மரம் ஒன்றில் கிடைப்பது கொஞ்சம்தான். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் வெட்ட மரம் இல்லை. வியாபாரிகள் பக்கத்து மலாய் மாநிலமான ஜொகூருக்குப் போனார்கள், அப்புறம் சுமத்ரா, போர்னியோ.

அதே காலத்தின் இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் நம் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அங்கே 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். என் தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். பட்டையைத் தாண்டிக் கத்தி உள்மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும், மறுபடி சீவ முடியாது, கங்காணி சம்பளத்தில் கை வைப்பார் என்பார். சோற்றுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார், எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று. வளத்தைப் பாதுகாப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

சுண்ணாம்புக் கம்பம் என்று பாட்டி சொல்கிறாரே, அது எந்த இடம்?

சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில் பக்கம். கம்பம் என்றால் மலாயில் கிராமம். அந்தக் கோயிலையே ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாய்கள், செங்கல் சூளைகள். இங்கே சுண்ணாம்பு எங்கிருந்து கிடைத்தது? கடலில் இருந்து. பவளப்பாறையை வெட்டி வந்து சுட்டார்கள்.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பார்த்திருப்பீர்கள், 1850களின் பிற்பாதியில் கட்டத் தொடங்கியது. கட்டியவர்கள் இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவருக்கு மெட்ராஸ் சுண்ணம் பூசினார்கள். மணல் சேர்க்காத சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இதை அரைத்துக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நம் ஊர்க் கொத்தனார் கைவேலை, சிங்கப்பூர்ப் பவளம். ஊர்ப் பெருமையாகச் சொல்லலாம், சொல்லிக்கொண்டே கொஞ்சம் யோசிக்கவும் செய்யலாம். பவளப்பாறை வளர்வது வருடத்துக்கு ஒரு சில மில்லிமீட்டரில் இருந்து சில சென்டிமீட்டர் வரைதான். பிறகு நடந்த நிலமீட்பில் (கடலை நிரப்பி நிலமாக்குவதில்) நம் பாறைகளில் பாதிக்கு மேல் புதைந்தன. ஆனாலும் தெற்குத் தீவுகளைச் சுற்றி இன்னும் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் உயிரோடு இருக்கின்றன. சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டிய கடல்பகுதி 2014-இல் நம் முதல் கடல் பூங்கா ஆனது.

இன்னொரு துணுக்கு: லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவின் பெயரே ஹாக்கியன் என்ற சீன மொழியில் மூங்கிலைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. கால்வாய்க் கரையில் மூங்கில் புதர் மண்டிக் கிடந்ததாம். இப்போது அங்கே மூங்கில் வேண்டுமென்றால் கூடைக் கடையில் பார்க்கலாம்.

இவ்வளவு மழை கொட்டுகிறது, தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

மழைக்குப் பஞ்சம் இல்லை. வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வந்த தம்பிகள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பஞ்சம் இடத்துக்குத்தான். பெய்வதைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். பெரிய ஆறோ, சொல்லிக்கொள்ளும்படி நிலத்தடி நீரோ இங்கே இல்லை. 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. அப்படியும் போதவில்லை.

எங்கள் அம்மா 1963 ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பார்த்தவர். அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தது, ஏறக்குறைய பத்து மாதம். குறிப்பிட்ட நேரத்துக்குக் குழாய் நின்றுவிடும். வீட்டில் இருக்கிற மண்ணெண்ணெய் டின், அண்டா, குண்டா எல்லாவற்றையும் கழுவி நிரப்பி வைப்பார்களாம். இன்றும் அம்மா வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். "எதுக்கும்மா?" என்று கேட்டால் பதில் வராது.

இப்போது நமக்குத் தண்ணீர் நான்கு வழியில் வருகிறது: உள்ளூர் மழை, ஜொகூர், கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர், கடல்நீர் சுத்திகரிப்பு. ஜொகூரோடு 1962-இல் செய்த ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்றில் இருந்து எடுக்கலாம். நம்ம கணக்கில் சுமார் 113 கோடி லிட்டர். ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. எனக்கு அந்த வருடத்தைவிட ஆறுதான் கவலை. காகிதத்தில் 250 மில்லியன் என்று இருக்கலாம், ஆற்றில் இருக்க வேண்டுமே. ஜொகூர் ஆற்றுக்கு நீர் திறந்துவிடும் லிங்குய் அணையில் 2016 அக்டோபரில் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இங்கே அப்போதும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அதனால் பலருக்கு அது தெரியவே தெரியாது.

குப்பையை லொங்காங்கில் (தெருவோர வடிகாலில்) போட்டால் அது சாக்கடைக்குத்தானே போகிறது?

இல்லை! இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். இங்கே இரண்டு குழாய்ப் பாதைகள் தனித்தனி. குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தண்ணீர் நிலத்துக்கடியில் கழிவுநீர்க் குழாயில் போகிறது. தெருவோர லொங்காங்கில் ஓடுவது மழைநீர், அது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தேக்காவில் ஒரு பிளாஸ்டிக் பையை லொங்காங்கில் வீசினால், அது ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்கு வரும். 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழைநீர் அங்கேதான் சேர்கிறது. வடை சுட்ட எண்ணெயைக் கடைக்குப் பின்னால் ஊற்றுகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நியூவாட்டர் என்பது சாக்கடைத் தண்ணீர்தானே? குடிக்கலாமா?

கழிவுநீரில் இருந்து வருவது உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த தண்ணீரை முதலில் மிக நுண்ணிய வடிகட்டியில் விடுகிறார்கள், கிருமிகளும் துகள்களும் அங்கே நின்றுவிடும். அடுத்தது எதிர்ச் சவ்வூடு பரவல்: அழுத்தம் கொடுத்து ஒரு சவ்வு வழியாகத் தள்ளினால், தண்ணீர் மூலக்கூறு போகும், உப்பும் மற்றவையும் போகாது. கடைசியில் புற ஊதாக் கதிர். வெளியே வருவது குழாய்த் தண்ணீரைவிடத் தூய்மையானது. 2002 தேசிய தினத்தில் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங்கும் கூடியிருந்த மக்களும் பாட்டிலைத் திறந்து குடித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிடோக், கிராஞ்சி ஆலைகள் முறையாகத் திறக்கப்பட்டன.

பெரும்பகுதி உங்கள் டம்ளருக்கு வருவதும் இல்லை. கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளுக்கு மிகத் தூய தண்ணீர் வேண்டும், அங்கே போகிறது. மழை குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலக்கிறார்கள். அதன்பின் மறுபடி சுத்திகரித்துத்தான் வீட்டுக்கு வருகிறது.

ஒரு பாட்டி ஒருமுறை கேட்டார்: "கங்கையில அத்தனையும் கலக்குது, அதைத் தலையில தெளிச்சுக்கிறோம். இதுக்கு மட்டும் என்ன முகஞ்சுளிப்பு?" அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுற்றிலும் கடல்தானே, அதையே சுத்தம் செய்தால் போதாதா? சிக்கனம் எதற்கு?

செய்கிறோம். 2005-இல் துவாஸில் முதல் ஆலை, இப்போது ஐந்து. ஆனால் உப்பை இலவசமாகப் பிரிக்க முடியாது. கடல்நீரில் இருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் பிடிக்கிறது. மழைநீரைச் சுத்திகரிக்க அதில் சிறு பங்கு போதும். அந்த மின்சாரம் எதில் இருந்து வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆக, கடல்நீர் என்பது பாதி தண்ணீர், பாதி எரிவாயு.

நான் ஒருத்தி குழாயை மூடினால் என்ன பெரிதாக மிச்சமாகப் போகிறது?

நியாயமான கேள்வி. நாட்டின் தண்ணீரில் வீடுகள் எடுப்பது பாதிக்கும் குறைவு, மீதி தொழில்துறைக்குத்தான். அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் இல்லத்தரசி தலையில் போடுவது எனக்கும் பிடிக்காது. ஆனாலும் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள்.

சமையலறைக் குழாய்க்கு அடியில் பத்து லிட்டர் வாளியை வையுங்கள். வழக்கமாகப் பாத்திரம் கழுவும்போது திறக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். எங்கள் வீட்டில் 1 நிமிடம் 20 வினாடியில் வாளி வழிந்தது. அதாவது நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். இரவு நேரப் பாத்திரங்களைத் தண்ணீரை ஓடவிட்டே தேய்த்தால் எனக்குப் பத்து நிமிடம் ஆகும், 75 லிட்டர். தொட்டியை அடைத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, கடைசியில் மட்டும் அலசினேன். 20 லிட்டர் ஆனது. ஒருநாள் இரவு, ஒரு வீட்டில் 55 லிட்டர்.

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பயன்படுத்துவது சுமார் 140 லிட்டர். 2003-இல் 165 ஆக இருந்தது. 2030-க்குள் 130-க்குக் கொண்டுவர இலக்கு. அதிகம் போவது குளியலில்தான், கால் பங்குக்கு மேல். 2025 ஏப்ரலில் இருந்து ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு, ஜிஎஸ்டி தனி. ஒரு காசுக்கு மூன்று லிட்டர். பணத்துக்காகச் சிக்கனம் செய்யச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவு மலிவு.

அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக. கறிவேப்பிலைச் செடிக்கு நன்றாகவே இருக்கும். தொட்டிக்கு அடியில் தேங்கவிடாதீர்கள், கொசு வந்தால் அபராதமும் வரும்.

மணலை எல்லாம் ஒரு வளமாகச் சொல்கிறீர்களே?

நீங்கள் நிற்கும் தரை, இருக்கும் வீடு, நடக்கும் பாலம் எல்லாம் மணல்தான். கான்கிரீட் என்பது மணல், ஜல்லி, சிமென்ட், தண்ணீர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரில் ஆணி அடித்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்வது யாரோ ஒரு ஆற்றின் மணல்.

சுதந்திரம் பெற்றபோது இந்நாடு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இப்போது 735-ஐ ஒட்டி. கால் பங்கு வளர்ந்திருக்கிறது. 1966-இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் நிலமீட்புக்கு முதலில் நம் குன்றுகளையே வெட்டிப் போட்டோம். சிக்லாப், பிடோக் பக்கத்து மேடுகள் அப்படித்தான் தட்டையாயின. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மெதுவோட்டம் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது மணல் தோண்டிய பள்ளம் என்று?

உள்ளூரில் தீர்ந்ததும் வெளியில் வாங்கினோம். மலேசியா 1997-இல் மணல் ஏற்றுமதியைத் தடுத்தது. இந்தோனேசியா 2007-இல் நிறுத்தியது, தன் சிறு தீவுகள் கரைந்துபோகின்றன என்று. கம்போடியா 2017-இல். 2007 தடையின்போது கட்டுமான விலை சட்டென்று ஏறியது, அரசாங்கம் சேமித்து வைத்திருந்த மணலைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ஆம், மணலுக்கும் சேமிப்புக் கிடங்கு உண்டு. அரிசி மூட்டை மாதிரிதான்.

இப்போது வேறு வழிகளும் பார்க்கிறார்கள். புலாவ் தெக்கோங் தீவில் கடலை நிரப்பாமல், சுற்றிலும் கரை எழுப்பி உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து நிலம் எடுத்திருக்கிறார்கள், டச்சுக்காரர்கள் முறை. மணல் மிகக் குறைவாகவே போதும்.

பாலைவனத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறதே?

காற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகிவிட்ட மணல் அது, ஒன்றோடு ஒன்று பிடிக்காது. ஆற்று மணலுக்குத்தான் முனை இருக்கும்.

எங்கள் ஊர் ஆற்றிலும் மணல் அள்ளுகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா அக்கா?

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, திருச்சிப் பக்கம், கேட்டது. மண்வெட்டி பிடித்து மணலைக் கலக்குகிறவர் கேட்கும்போது பதில் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

ஒன்றுதான். ஆற்று மணல் சும்மா கிடக்கவில்லை. வெள்ளத்தைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குவது அதுதான், கரையோரக் கிணறுகளில் ஊற்று நிற்பது அதனால்தான். அள்ளிவிட்டால் ஆற்றுப்படுகை இறங்கும், நிலத்தடி நீரும் கூடவே இறங்கும், பாலத்தின் கால்கள் வெளியே தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்தபோது, கொள்ளிடத்தில் மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அந்தத் தம்பிக்கு அது செய்தி அல்ல. அவருடைய ஊர்க் கிணறு எத்தனை அடி இறங்கியது என்று அவரே எங்களுக்குச் சொன்னார். அந்த நடையில் அதன்பிறகு நான் பேசவில்லை, அவர்தான் பேசினார்.

வெயில் இப்படிக் காய்கிறது, எல்லா மின்சாரத்தையும் சூரிய சக்தியில் எடுக்கக் கூடாதா?

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது. ஒரு பகுதி மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து கடலடிக் குழாயில் வருகிறது. இன்னொரு பகுதியைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்து ஜூரோங் தீவில் 2013-இல் இருந்து இறக்குகிறார்கள்.

சூரியத் தகட்டுக்கு மறுபடியும் இடம்தான் பிரச்சினை. வீவக கூரைகளில் போட்டாயிற்று. தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலேயே 2021-இல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள், 60 மெகாவாட் உச்சத்திறன். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் நாட்டின் மொத்தத் தேவைக்கு முன் அது சிறு துளி. மேகமும் இங்கே அதிகம். அதனால் வீட்டில் ஏர்கானைக் குறைப்பது சின்ன விஷயம் இல்லை. 25 டிகிரியில் வைத்து மின்விசிறி போட்டுக்கொண்டால் போதும். 18-இல் வைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எங்கே பார்த்தாலும் மரம்தான். காடு அழிந்துவிட்டது என்கிறீர்களே?

மரம் வேறு, காடு வேறு. சாலையோரம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருந்து வந்தது. எனக்கும் பிடித்த மரம், நிழலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது நட்ட மரம். 1963-இல் லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியதில் இருந்து நட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூலக்காடு என்பது யாரும் நடாதது. 19-ஆம் நூற்றாண்டில் கம்பீர் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காக அதை வெட்டித் தள்ளினார்கள். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்கும் காடுதான். மண் சத்தை இழந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். 1880களில் காட்டைக் காக்க ஒதுக்கீடுகள் போட்டபோது மிச்சம் அதிகம் இல்லை. இப்போது மூலக்காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் தீமா, அப்புறம் நடுநீர்த்தேக்கப் பகுதியில் சில துண்டுகள். மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டை விட்டுவைத்ததே தண்ணீருக்காகத்தான். காடு மழைநீரை வடிகட்டி மெல்ல விடும் என்று அன்றே தெரிந்திருந்தது.

காற்றும் வளம்தானா?

2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்களே, அன்று எல்லாருக்கும் அது வளமாகத்தான் தெரிந்தது. சுமத்ராவில் சதுப்புக் கரிமண் காடுகளை வடித்து, தீ வைத்துத் தோட்டம் போட்டால், காய்ந்த மண் மாதக்கணக்கில் புகையும். காற்று இந்தப் பக்கம் வீசினால் அந்தப் புகையைத்தான் நாம் சுவாசிக்கிறோம்.

நீலத் தொட்டியில் போட்டால் நிஜமாகவே மறுசுழற்சி ஆகிறதா?

சுத்தமாக இருந்தால் ஆகும். அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு கெட்டுப்போய் இருக்கிறது: மீதிச் சாப்பாடு ஒட்டிய டப்பா, பழைய துணி, தலையணைகூட. ஒருவர் குழம்போடு போட்ட பொட்டலம் மற்றவர்களின் தாளையும் கெடுத்துவிடும். 2022-இல் வீட்டு மறுசுழற்சி விகிதம் வெறும் 12 விழுக்காடு.

மீதியை எரிக்கிறோம். பருமன் பத்தில் ஒன்றாகச் சுருங்கும், மின்சாரமும் கொஞ்சம் கிடைக்கும். சாம்பல் கப்பலேறி செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்த ஒரே நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டுமென்றால் அலுமினிய டின்னைச் சொல்வேன். பாக்சைட் மண்ணில் இருந்து புதிதாக எடுப்பதைவிட, பழைய டின்னை உருக்க 95 விழுக்காடு குறைவான ஆற்றல் போதும். அந்த மண் எங்கிருந்து வருகிறது? 2015-இல் குவாந்தானில் கண்மூடித்தனமாகத் தோண்டியபோது சாலை, கூரை, கடல்நீர் எல்லாம் சிவந்தன. 2016 ஜனவரியில் மலேசிய அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. கோப்பிக்கடையில் குடித்து முடித்த டின்னை அலசி நசுக்கும்போது, அந்தச் சிவப்பு மண் படத்தைப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் காட்டுங்கள்.

அரிசி, வெங்காயம் எல்லாம் இதில் சேருமா?

மண்ணும் தண்ணீரும்தான் அரிசியாக வருகிறது, சேராமல் எப்படி? நம் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியில் இருந்து வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் தேக்காவில் மூட்டை மூட்டையாகத் தூக்கியதைப் பார்த்தோமே. பிறகு சிங்கப்பூருக்கு விலக்கு கிடைத்தது, மூச்சு வந்தது. அன்று வாங்கிக் குவித்ததில் எத்தனை கிலோவில் வண்டு விழுந்தது என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான்கு கிலோ.

பிள்ளைக்குப் பள்ளியில் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே கூட்டிப்போவது?

புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்கா, "குட்டி குய்லின்" என்பார்கள். பச்சைத் தண்ணீருக்கு நடுவே செங்குத்தான பாறை நிற்கும். எல்லாரும் கல்யாணப் படம் எடுக்கும் அழகான இடம். அது கற்குவாரி. அந்தப் பாறை, வெட்டி முடிக்காமல் விட்ட மிச்சம். இந்த மாதிரிப் பள்ளங்கள் புக்கிட் தீமாவிலும் புலாவ் ஊபினிலும் இருக்கின்றன. 1924-இல் முடிந்த ஜொகூர் பாலத்துக்கு அங்கிருந்துதான் கருங்கல் போனது.

பிள்ளையைக் கரையில் நிறுத்தி, பாறையின் உச்சியைக் காட்டி, "தரை முன்னாடி அந்த உயரத்துல இருந்துச்சு" என்று சொல்லுங்கள். மற்றதை அவனே கேட்பான். என்னோடு வந்த ஒரு சிறுமி கேட்டது: "அப்போ இங்க இருந்த மலை இப்போ எங்க இருக்கு?" அவள் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, எதிரே தெரிந்த அடுக்குமாடி புளோக்குகளைக் காட்டினார். அவள் கீழ்த்தளத்தில் இருந்து மாடிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.